இதய வால்வில் உட்கார்ந்த கிருமி எந்த வாசல் வழியாக வந்தது?



ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். அத்தாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். சாயங்காலம் ஆனால் உடம்பு கொதிக்கிறது, இரவில் வேர்த்து ஊற்றுகிறது. மெடிக்கல் கடையில் சொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால் நான்கு நாள் காய்ச்சல் இறங்குகிறது, பிறகு மீண்டும் வந்துவிடுகிறது. டைபாய்டு இல்லை, மலேரியா இல்லை, காசநோயும் இல்லை. ஆளோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்துப் பார்த்தபோதுதான் இதய வால்வில் கிருமி கூடு கட்டியிருப்பது தெரிகிறது. நான்கு வாரம் ஊசி போட்டு அத்தாவைக் காப்பாற்றிவிடுகிறார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர், "குடலையும் ஒருமுறை கேமரா விட்டுப் பார்த்துவிடுங்கள்" என்கிறார். பிள்ளைகளுக்குக் குழப்பம். "இதயத்துக்குத்தானே வைத்தியம் பார்த்தோம்? அத்தாவுக்கு வயிற்றில் ஒரு கோளாறும் கிடையாதே. இன்னும் செலவு வைக்கப் பார்க்கிறார்களோ?" என்று பேசிக்கொள்கிறார்கள். பரிசோதனை தள்ளிப்போகிறது. பிறகு மறந்தே போகிறது.

இது கற்பனையாகச் சொன்ன வீடுதான். ஆனால் டாக்டர் சொன்ன அந்த ஒரு வரி கற்பனை அல்ல. அதற்குப் பின்னால் எழுபது ஆண்டுகளுக்கும் மேலான மருத்துவ அனுபவம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்வதுதான் இந்தப் பாடத்தின் நோக்கம்.

வால்வில் கிருமி எப்படித் தங்குகிறது?

நம் இதயத்தில் நான்கு வால்வுகள் உண்டு. ஒருவழிக் கதவு போல, இரத்தத்தை முன்னே போகவிட்டுப் பின்னே திரும்பாமல் தடுப்பதுதான் அவற்றின் வேலை. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அவை திறந்து மூடுகின்றன. வால்வின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும்வரை இரத்தத்தில் தப்பித்தவறி வரும் கிருமிகள் அதில் ஒட்டுவது கடினம். பழைய நோயாலோ வயதாலோ அந்தத் தோல் சொரசொரப்பாகிவிட்டால் அந்த இடத்தில் சிறிதளவு இரத்தம் உறைந்து நிற்கும். அந்த உறைவில் கிருமி வந்து உட்கார்ந்து பெருகும். இந்த நோய்க்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் 'எண்டோகார்டைட்டிஸ்', அதாவது இதய உள்ளுறை அழற்சி.

வால்வுக்குள் இரத்தக் குழாய்கள் மிகக் குறைவு. ஆகவே நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களும் மருந்தும் அந்தக் கூட்டுக்குள் எளிதில் போய்ச் சேர்வதில்லை. சளிக் காய்ச்சலுக்கு ஐந்து நாள் மாத்திரை போதும்போது, இதற்கு மட்டும் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட நரம்பு வழியாக மருந்து ஏற்றுவது இதனால்தான். கூட்டின் ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். வால்வு கிழிந்துவிட்டால் இதயம் செயலிழக்கும். அப்போது அறுவை சிகிச்சை தேவைப்படும். பென்சிலின் மருந்து வருவதற்கு முன் இந்த நோய் கண்டவர்களில் பிழைத்தவர்கள் மிகச் சிலரே.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுவயதில் மூட்டுவலியோடு வரும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதானவர்கள், செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பே ஒருமுறை இந்த நோய் வந்து குணமானவர்கள், பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். வயதாக ஆக வால்வில் சுண்ணாம்பு படிவதாலும் இது வரலாம். இதயக் கோளாறு இருப்பதே தெரியாமல் இருந்தவருக்கும் வந்திருக்கிறது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

காரணம் தெரியாத காய்ச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பது, இரவு வியர்வை, பசியின்மை, எடை குறைதல், மூச்சு வாங்குதல், நகத்தடியில் சிறு மரத்தூள் போன்ற கருஞ்சிவப்புக் கோடுகள் ஆகியவை எச்சரிக்கைகள். வயதானவர்களுக்குக் காய்ச்சல் லேசாகவே இருக்கலாம். "அத்தா சும்மா சோர்ந்து படுத்திருக்கிறார்" என்று மட்டும் தோன்றலாம். வால்வுக் கோளாறு உள்ளவருக்கு நாலைந்து நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றாலே இதய மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

முதலில் இரத்தம், பிறகுதான் மருந்து

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இங்கேதான் இருக்கிறது. இந்த நோயைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் முக்கியம். ஒன்று எக்கோ. நெஞ்சின் மேல் வைத்துப் பார்ப்பதில் தெளிவில்லை என்றால் உணவுக்குழாய் வழியாகக் கருவியை இறக்கிப் பார்ப்பார்கள். மற்றொன்று பிளட் கல்ச்சர். உடம்பின் வெவ்வேறு இடங்களில் மூன்று முறையாவது இரத்தம் எடுத்து, தனிக் குப்பிகளில் வைத்து, எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்ப்பார்கள்.

இரத்தம் எடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் குப்பியில் கிருமி வளராமல் போகலாம். வால்வில் கூடு அப்படியே இருக்கும், ரிப்போர்ட்டிலோ 'வளர்ச்சி இல்லை' என்று வரும். கிருமியின் பெயர் தெரியாமல் சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பது சிரமம். அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்ற தடயமும் அழிந்துவிடும். ஆகவே மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். முன்பே சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள்.

கிருமியின் பெயரைக் கேளுங்கள்

எண்டோகார்டைட்டிஸ் ஒரே கிருமியால் வருவதல்ல. ஒவ்வொரு கிருமிக்கும் உடம்பில் ஒரு சொந்த வீடு உண்டு. விரிடான்ஸ் வகைக் கிருமிகளின் வீடு வாய். அவை வால்வில் இருந்தால் பல், ஈறு பக்கம் பார்க்க வேண்டும். ஸ்டாஃபிலோகாக்கஸ் பெரும்பாலும் தோலில் இருப்பது. புண், கட்டி, ஊசிக்குழாய் வழியாக அது நுழைந்திருக்கலாம். அதே போல, ஒரு கிருமியின் பெயர் ரிப்போர்ட்டில் வந்தால் மருத்துவரின் கண் நேராகப் பெருங்குடலுக்குப் போகும். அதன் பழைய பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ். இப்போது அதில் முக்கியமான வகையை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காலோலிட்டிகஸ் என்கிறார்கள்.

இந்தத் தொடர்பு எப்படித் தெரியவந்தது? 1951ல் அமெரிக்காவின் அலபாமா மாநில மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு இதய வால்வில் குடல் கிருமி, அதே நேரத்தில் பெருங்குடலில் புற்றுநோய். ஒரே ஒருவரை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. ஆனால் அதன் பிறகு இதே போன்ற நோயாளிகள் அங்குமிங்கும் தென்படத் தொடங்கினார்கள்.

1977ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கிளைன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெருங்குடல் புற்றுநோய் உள்ளவர்களின் மலத்தையும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அந்த நோய் இல்லாதவர்களின் மலத்தையும் சோதித்தார்கள். புற்றுநோய் இருந்த 63 பேரில் 35 பேரிடம் போவிஸ் கிருமி இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த 105 பேரில் 11 பேரிடம் மட்டுமே இருந்தது. ஒரு பக்கம் பாதிக்கு மேல், மறுபக்கம் பத்தில் ஒருவர். அதன் பிறகுதான், இந்தக் கிருமி இரத்தத்தில் தென்பட்டால் குடலையும் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ உலகில் வழக்கமானது.

பின்னர் நடந்த ஆய்வுகளில் எண்ணிக்கை ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால், போவிஸ் கிருமி தொற்றிக் குடல் பரிசோதனையும் செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் குடலில் கட்டியோ மொட்டோ இருந்திருக்கிறது. அதில் ஆறுதலான செய்தியும் உண்டு. அவற்றில் பல இன்னும் புற்றுநோயாக மாறாத மொட்டுகள். மருத்துவர்கள் அவற்றைப் பாலிப் என்பார்கள். அந்த நிலையிலேயே எடுத்துவிட்டால் அந்த மொட்டு புற்றுநோயாக மாறும் பேச்சுக்கே இடமில்லை.

போவிஸ் குடும்பத்துக் கிருமிகள் எல்லாவற்றுக்கும் இந்தத் தொடர்பு ஒரே அளவில் இல்லை. காலோலிட்டிகஸ் வகைக்குத்தான் மிக வலுவானது. என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற மற்றொரு குடல் கிருமி வால்வில் இருந்து, அது வந்த வழி தெரியாவிட்டாலும் குடலைப் பார்ப்பது நல்லது என்று மருத்துவர்கள் இப்போது கருதுகிறார்கள்.

குடலில் இருப்பது இதயத்துக்கு எப்படிப் போகிறது?

குடலின் உட்சுவர் ஒரு மதில் மாதிரி. உள்ளே கோடிக்கணக்கான கிருமிகள் இருந்தாலும் அவை இரத்தத்துக்குள் வராமல் அது தடுக்கிறது. மொட்டோ புற்றோ வளரும் இடத்தில் அந்த மதிலில் வெடிப்பு விழுகிறது. அங்கே கொலாஜன் என்ற நார்ப்பொருள் வெளியே தெரியும். காலோலிட்டிகஸ் கிருமியின் மேல் நுண்ணிய மயிர் போன்ற இழைகள் இருக்கின்றன. அவை கொலாஜனைப் பற்றிக்கொள்ளும் தன்மை உடையவை. வெடிப்பில் ஒட்டிக்கொண்ட கிருமி இரத்தத்துக்குள் கசிகிறது. இரத்தத்தோடு ஓடி, பழுதான வால்வில் மறுபடியும் கொலாஜன் வெளியே தெரியும் இடத்தைக் கண்டு அங்கேயும் பற்றிக்கொள்கிறது.

அப்படியானால் கிருமிதான் புற்றை உண்டாக்குகிறதா, புற்று இருப்பதால் கிருமி அங்கே குடியேறுகிறதா? இரண்டாவதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. கட்டியின் சூழல் இந்தக் கிருமிக்கு வசதியாக இருப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கிருமியும் கட்டி வளரத் துணைபோகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் நோயாளியின் குடும்பம் செய்ய வேண்டியது இரண்டு நிலையிலும் ஒன்றுதான். குடலைப் பார்த்துவிட வேண்டும்.

"வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லையே?"

பெரும்பாலோர் பரிசோதனையைத் தட்டிக்கழிப்பது இந்த வார்த்தையைச் சொல்லித்தான். குடல் மொட்டு வலிக்காது. சாதாரணமாக அது புற்றாக மாறப் பத்து ஆண்டு அளவில் ஆகும். அந்தக் காலம் முழுவதும் மனிதர் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக நடமாடிக்கொண்டிருப்பார். இரத்தம் கலந்த மலம், மலம் கழிக்கும் பழக்கத்தில் மாற்றம், காரணமில்லாத இரத்தசோகை, எடை குறைவு ஆகியவை வரும்போது பல நேரம் நோய் முற்றியிருக்கும். வால்வில் வந்த கிருமி அந்த மௌனமான காலத்திலேயே நமக்குக் கிடைத்த ஒரு முன்னறிவிப்பு. அதைக் கேட்டும் கேளாததுபோல் விடுவதுதான் நஷ்டம்.

கொலோனோஸ்கோபி பற்றிய பயமும் கூச்சமும்

குடலைப் பார்க்கும் இந்தப் பரிசோதனைக்கு முதல் நாள் எளிய உணவு சாப்பிட்டு, குடலைச் சுத்தம் செய்யும் மருந்தைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். பலமுறை வெளியே போகும். உண்மையில் சிரமமான பகுதி அதுதான். மறுநாள் மயக்க மருந்து கொடுத்து, ஆசனவாய் வழியாக மெல்லிய வளையும் கேமராக் குழாயை விடுவார்கள். பெரும்பாலும் அரை மணி நேரம் அளவில் முடிந்துவிடும். மொட்டு தெரிந்தால் பல சமயம் அப்போதே வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். இரத்தக் கசிவு, குடலில் ஓட்டை விழுதல் போன்ற ஆபத்துகள் உண்டு. ஆனால் அவை அரிது.

இதய நோயாளிக்கு இதை எப்போது செய்வது என்பதை இதய மருத்துவரும் குடல் மருத்துவரும் கலந்து முடிவு செய்வார்கள். அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது. செயற்கை வால்வு உள்ளவர் தாமாக நிறுத்தினால் வால்விலேயே இரத்தம் உறைந்துவிடும் அபாயம் உண்டு. சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் எடுப்பவர்கள் அன்று என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுப் பெண்கள் பலர் கூச்சத்தால் இந்தப் பரிசோதனையை மறுத்துவிடுகிறார்கள். ஆண்களிலும் வெளியே சொல்லாமல் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. பரிசோதனைக்குத் தேவையான இடம் தவிர உடம்பு முழுவதும் மூடியிருக்கும்படி ஏற்பாடு செய்யக் கேட்கலாம். பெண் மருத்துவரோ, குறைந்தது பெண் செவிலியரோ உடன் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லலாம். இதைக் கேட்பதில் தவறில்லை. கேட்கத் தயங்கிப் பரிசோதனையையே விட்டுவிடுவதுதான் தவறு. உம்மாவோடு மகளோ மருமகளோ கூடப் போனால் பாதிப் பயம் தீர்ந்துவிடும்.

செலவைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள குடல் நோய்ப் பிரிவை அணுகுங்கள். வால்வு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சில சந்தேகங்கள்

"போவிஸ் என்றால் மாடு என்கிறார்களே, மாட்டிறைச்சி சாப்பிட்டதால் வந்ததா?" போவிஸ் என்ற லத்தீன் சொல் மாட்டைக் குறிப்பது உண்மைதான். கால்நடைகளின் குடலில் இந்தக் கிருமி உண்டு, ஆரோக்கியமான சில மனிதர்களின் குடலிலும் உண்டு. நன்றாக வெந்த இறைச்சியில் கிருமி உயிரோடு இருப்பதில்லை. ஆனால் குடல் புற்றுநோய் என்று வரும்போது சிவப்பிறைச்சியின் அளவைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015ல் சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றும், ஆடு, மாட்டு இறைச்சியை அநேகமாக உண்டாக்கக் கூடியது என்றும் வகைப்படுத்தியது. தினமும் என்பதை வாரத்தில் சில நாள் என்று குறைத்து, தட்டில் காய்கறியும் பயறும் கூட்டிக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

"இந்தக் கிருமி வந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமா?" இல்லை. குடலில் ஒன்றுமே இல்லாமல் போகிறவர்களும் கணிசமாக உண்டு. பார்த்த பிறகுதான் நிம்மதி. சிலருக்குச் சில ஆண்டு கழித்தும் மொட்டு தென்பட்டிருக்கிறது. ஆகவே முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லாவிட்டாலும், அடுத்தது எப்போது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"அத்தாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வருமா?" வால்வில் வரும் தொற்று ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதில்லை. ஆனால் அத்தாவின் குடலில் புற்றுநோய் உறுதியானால், பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் 40 வயதிலோ, அத்தாவுக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்போ, எது முந்தியதோ அப்போதிலிருந்து குடல் பரிசோதனையைத் தொடங்க வேண்டும்.

வீட்டில் எழுதி வைக்க வேண்டியவை

ஒன்று: வால்வுக் கோளாறு உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால், பிளட் கல்ச்சர் எடுக்கும் முன் ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள்.

இரண்டு: பல்லையும் ஈறையும் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். செயற்கை வால்வு உள்ளவர்களும் முன்பு எண்டோகார்டைட்டிஸ் வந்தவர்களும் பல் பிடுங்கும் முன் ஒரு வேளை ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று: ருமாட்டிக் காய்ச்சலுக்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடும் பிள்ளைகளுக்கு ஒரு ஊசியையும் தவறவிடாதீர்கள்.

நான்கு: ஊசி மருந்தை, காய்ச்சல் விட்டதே என்று பாதியில் நிறுத்தி வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

ஐந்து: டிஸ்சார்ஜ் சம்மரியில் கிருமியின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். போவிஸ், காலோலிட்டிகஸ் என்று இருந்தால் "குடல் பரிசோதனை எப்போது?" என்று நீங்களே கேளுங்கள். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

தொடக்கத்தில் சொன்ன வீட்டுக்குத் திரும்புவோம். பிள்ளைகள் கேட்ட கேள்வி நியாயமானதுதான், அதை டாக்டரிடமே கேட்டிருக்க வேண்டும். "ஏன் குடலைப் பார்க்கச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் அவர் இரண்டு நிமிடத்தில் விளக்கியிருப்பார். உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ இதய வால்வில் கிருமி வந்து குணமானவர் யாராவது இருந்தால், இன்றைக்கே அவருடைய பழைய ரிப்போர்ட்டை எடுத்துக் கிருமியின் பெயரைப் பாருங்கள். நான்கு வார ஊசியால் மீண்ட உயிரை, அரை மணி நேரப் பரிசோதனைக்குத் தயங்கி மறுபடியும் ஆபத்தில் விட வேண்டாம்.